பின்கட்டில் பார்த்ததை யாரிடம் சொல்வது?

எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். மதுரையில் செல்லூர், நரிமேடு, பீபிகுளம் பக்கம் எந்த வீட்டில் மோட்டார் நின்றாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு வீட்டுக்கு மோட்டார் வேலைக்குப் போயிருக்கிறார். கெப்பாசிட்டரை மாற்றியும் கரண்ட் வரவில்லை. ஒயர் பின்கட்டு அறை வழியாகப் போவதைப் பார்த்துவிட்டு, அதைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். "அங்க பழைய சாமான்தான் கிடக்கு தம்பி, போகாத" என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு. ஒயரைத் தேடி வீட்டைச் சுற்றிப் போனவர் கண்ணில் அந்த அறையின் ஜன்னல் பட்டது.

உள்ளே பாயில் ஒரு ஆள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணுக்காலில் சங்கிலி. அதன் மறுமுனையை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தன. சங்கிலி உரசிப் புண்ணாகாமல் இருக்கக் கணுக்காலைச் சுற்றிப் பழைய சேலைத் துணியைக் கட்டியிருந்தார்கள். துவைத்த துணி, சுத்தமாக இருந்தது என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

வேலையை முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். "அண்ணே, ஒன்னு பாத்துட்டேன். சொல்றதா வேண்டாமான்னு தெரியல. அந்தம்மா கையால காப்பி வேற வாங்கிக் குடிச்சிருக்கேன்."

நான் வக்கீல் இல்லை. உயர் நீதிமன்றக் கிளையில் செய்தி சேகரித்த வருடங்களில் சட்டத்தைக் காதால் கேட்டுப் பழகியவன். அன்று ராத்திரி எனக்கும் உடனே பதில் வரவில்லை. அப்புறம் தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும், நடந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தடுத்தது காப்பி மட்டும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. உள்ளே பார்த்ததை வாசல் தாண்டிப் பேசக் கூடாது. பிளம்பர், வீட்டு வேலை செய்யும் அம்மா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், வீட்டிலேயே வந்து நோயாளியைப் பார்க்கிற நர்ஸ் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் பிழைக்கிறார்கள். "போட்டுக்கொடுத்தவன்" என்று பேர் வந்தால் அந்தத் தெருவில் வேலை போச்சு. ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம் வேறு. இந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாள் கூலிக்காரருக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் சோறு.

ஆனால் "நமக்கெதுக்கு வம்பு" என்று எல்லோரும் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கிற ஏர்வாடி காட்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. என்னை இன்றுவரை உறுத்துவது தீ மட்டும் அல்ல. அந்தச் சங்கிலிகளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் யாருக்கும் அது சந்தேகமாகவே படவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பிக்கு அன்று சோறு இறங்காமல் போனதை நான் நல்ல அறிகுறியாகவே பார்த்தேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அடுத்த வீட்டில் நடக்கிற ஒவ்வொரு தப்பையும் போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்று அது கேட்கவில்லை. இது பலருக்குத் தெரியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 33ஆம் பிரிவு. கொலை, கொள்ளை, பணத்துக்காக ஆள் கடத்தல், உணவிலும் மருந்திலும் கலப்படம் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. அந்தக் குற்றங்களில் ஒன்று நடந்தது தெரிந்தால், அல்லது நடக்கப்போவது தெரிந்தால், உடனே போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு வீட்டு அலமாரியில் பெட்டி நிறைய நோட்டுக்கட்டு இருப்பதைப் பார்த்தீர்கள் என்று வையுங்கள். சந்தேகம் வரும், ஆனால் அதைச் சொல்லியே தீர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நிலம் விற்ற பணமாகக்கூட இருக்கலாம்.

இந்தப் பொதுப் பட்டியலுக்கு வெளியே, தனித்தனிச் சட்டங்களில் வேறு கடமைகள் இருக்கின்றன. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொது இழை தெரியும். உள்ளே இருப்பது பொருளா, ஆளா? ஆள் என்றால், அவரால் தானாக அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்து தன் கஷ்டத்தைச் சொல்ல முடியுமா? முடியாத ஆளாக இருந்தால் பல இடங்களில் பார்த்தவன் வாய் திறந்தே ஆக வேண்டும். முடிகிற ஆளாக இருந்தால், நீயும் சொல்லலாம் என்று சட்டம் அனுமதி மட்டும் தருகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாராக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. செல்போன் பழுது பார்க்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களைப் போனில் வைத்திருப்பது பற்றி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "தனியாகப் பார்த்தால் குற்றமில்லை" என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜனவரியில் சொன்னதை அது தள்ளிவிட்டது. அப்படி ஒரு போன் பழுதுக்கு வந்தால், படத்தை இன்னொரு ஆளுக்கு அனுப்பி "இது என்னன்னு பாருங்க" என்று கேட்டுவிடக் கூடாது. அனுப்புவதே குற்றம். போனை அப்படியே வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டு வேலைக்கு வைத்திருக்கிற சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் இது அடிக்கடி கண்ணில் படுவது. "சொந்தக்காரப் பிள்ளை, படிக்க வந்திருக்கு" என்று சொல்வார்கள். பகல் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம் போகாமல் அது பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபர் 10 முதலே தடை இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்த வேலைக்குமே வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவது மாதிரி ஒன்றிரண்டு விலக்குதான். உசிலம்பட்டி, தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் முன்பணத்துக்கு ஈடாக வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பகலாக மாவு பிசைந்தும் முறுக்குச் சுட்டும் கிடந்த பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அப்பனும் ஆத்தாளும் கையெழுத்துப் போட்டு அனுப்பியதுதானே என்று அப்போதும் நியாயம் பேசியவர்கள் உண்டு. பெற்றவர் சம்மதம் இருப்பதால் அது குற்றம் இல்லாமல் போவதில்லை.

இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் வீட்டுக்காரரிடம் விசாரிக்கவே கூடாது. இது முக்கியம். கேட்ட அன்று ராத்திரியே பிள்ளையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு போன் பண்ணினால் போதும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் அங்கிருந்து பார்த்துக்கொள்ளும். யாருமற்ற குழந்தையாக, கைவிடப்பட்ட குழந்தையாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது.

கேள்வி கேட்கிற ஒருவர் விடாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2021ல் ஒரு காப்பகத்தில் இருந்த ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். தத்தனேரியில் புதைத்ததாகக் காகிதமும் காட்டினார்கள். அந்தக் காகிதத்தை நம்பாமல் கேள்வி எழுப்பியதால் விசாரணை நடந்தது. குழந்தை உயிரோடு இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த விசாரணையில் இன்னொரு குழந்தையும் திரும்பக் கிடைத்தது.

பெரியவர்கள் என்றால் கதை வேறு. ஒரு பெண்ணைக் கணவர் அடிப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், நல்ல எண்ணத்தில் சொன்னவருக்குப் பொறுப்பு வராது. சொல்லியே ஆக வேண்டும் என்பது இல்லை. இங்கே நான் முதலில் அந்தப் பெண்ணிடமே, அவர் தனியாக இருக்கும்போது, "அக்கா, நான் யாருக்காவது சொல்லட்டுமா?" என்று கேட்கச் சொல்வேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம். அவர் வாழ்க்கை, முடிவும் அவருடையதாக இருப்பதுதான் மரியாதை. உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

இனி பொருட்கள். பழைய வீட்டை இடிக்கும்போது சுவருக்குள் இருந்து செப்புக் குடமும் காசும் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பாயும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய்க் கணக்கு மாறவே இல்லை. ஒரு வீட்டுப் பரணில் பழைய ஐம்பொன் சிலையைப் பார்த்தால் அது தலைமுறையாக வைத்துக் கும்பிட்ட சாமியாகவும் இருக்கலாம், கோயிலில் இருந்து போனதாகவும் இருக்கலாம். தமிழ்நாடு போலீசில் 1983 முதல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். ஆனால் இதில் அவசரம் இல்லை. சிலைக்குப் பசிக்காது, வலிக்காது.

அவசரம் வேறு ஒரு பொருளுக்கு உண்டு. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் குடியிருக்கிற வீட்டிலேயே பட்டாசுக்கான கருந்திரி சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அவர்கள் வறுமையால் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுப்புக்கும் வெடிமருந்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். அது வெடித்தால் அடுத்த வீட்டில் தூளியில் தூங்குகிற பிள்ளையும் சேர்ந்து போகும். அப்படி ஒரு அறைக்குள் கால் வைத்துவிட்டால் லைட் சுவிட்சைத் தொடாமல், எதையும் நகர்த்தாமல் வெளியே வந்து, தெருக்கோடியில் நின்று 112க்குச் சொல்லுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்தது இந்த எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. கட்டிப்போட்டது எதிரி இல்லை, பெற்ற தாய். துவைத்த துணியைச் சுற்றிவிட்டுச் சங்கிலி போட்ட தாய். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அதன் 101ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். மனநோய் உள்ள ஒருவரை அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே கொடுமைப்படுத்துவதாகவோ கவனிக்காமல் விட்டதாகவோ நம்பக் காரணம் இருந்தால், அதை யாராக இருந்தாலும் அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கலாம் என்று அல்ல, வேண்டும் என்றே இருக்கிறது. அதற்கு அப்புறம் நடப்பதையும் சட்டம் சொல்கிறது. போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க, மாஜிஸ்திரேட் அவரை மருத்துவமனையில் 10 நாள் வரை வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம்.

குழந்தை விஷயத்தில் கேட்கக் கூடாது என்றேன். இங்கே கேட்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. கேட்பதால் அந்த ஆளுக்கு ஆபத்து அதிகமாகாது. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் எலக்ட்ரீஷியன் தம்பி மறுநாள் போய்க் கேட்டார். அந்த அம்மா மறைக்கவில்லை. பையன் இரண்டு தடவை வீட்டைவிட்டுப் போய்விட்டானாம். ஒரு தடவை மூன்று நாள் கழித்து மானாமதுரையில் கிடைத்தானாம். வீட்டுக்காரர் செத்த பிறகு மாத்திரை வாங்கப் போக ஆள் இல்லை. "நான் வேலைக்குப் போகணும்ல தம்பி. அவிழ்த்துவிட்டா பைபாஸ்ல போய் விழுந்துருவான்." பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறதே என்றதற்கு, "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிருவாங்க, அப்புறம் எம்புள்ளய நான் பாக்க முடியாது" என்று அழுதிருக்கிறார். 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்தோம். அந்த அம்மா யாரையும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். பார்த்ததை மட்டும் எழுதினோம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஜன்னல், எந்தக் காலில் சங்கிலி. அவர் என்ன நினைத்தார் என்பதை எழுதவில்லை. "அம்மா கொடுமைக்காரி" என்பது அவர் பார்த்தது அல்ல. போட்டோவும் எடுக்கவில்லை. மேஜையில் இருந்தவர் "குடும்ப விஷயம், போங்கப்பா" என்றார். 101ஆம் பிரிவைத் தாளின் தலையில் எழுதியிருந்தோம். அதைக் காட்டிப் பொறுமையாக நின்ற பிறகு வாங்கிக்கொண்டு, புகார் வாங்கியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

பேர் வெளியே வருமா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். குற்றத்தைப் பற்றிய தகவல் யார் மூலம் வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில், ஒரு வீட்டுக்குள் போய் வந்தது இரண்டே பேர் என்றால் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். தப்பாகப் போனால் ஜெயிலா என்றும் கேட்டார். தெரிந்தே பொய் சொன்னால்தான் தண்டனை. கண்ணால் பார்த்ததை நல்ல எண்ணத்தில் அதிகாரியிடம் சொன்னால் அவதூறும் ஆகாது.

அவதூறு ஆவது வேறு வழியில். தெரு வாட்ஸாப் குரூப்பில் வீட்டு நம்பரோடு போட்டுவிட்டால் தீர்ந்தது. வழக்கை விடுங்கள், அதைவிட மோசமாகவும் போகும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அப்போது வாட்ஸாப்பில் சுற்றிய வதந்திதான் அதற்குக் காரணம். சந்தேகத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதை விசாரிக்கிற அதிகாரமும் பொறுப்பும் உள்ள இடம். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறு யாரிடமும், பெண்டாட்டியிடம்கூட, வீட்டு அடையாளத்தோடு சொல்ல வேண்டாம் என்றேன். அவர் சொல்லவில்லை.

போலீசும் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் போனார்கள். அந்த அம்மாவைக் கைது செய்யவில்லை. பையனை மாஜிஸ்திரேட் உத்தரவோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவில்லை. சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிட்டார், மாதம் ஒரு ஊசி. அந்த அம்மா எலக்ட்ரீஷியனோடு பேசுவதில்லை. அந்தத் தெருவில் நாலைந்து வீட்டு வேலை அவருக்குப் போய்விட்டது.

ஆடியில் அந்த மோட்டார் மறுபடி நின்றிருக்கிறது. வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆள் சாமான் வாங்கக் கடைக்கு வந்த இடத்தில் இவரிடம் பேச்சுவாக்கில் சொன்னாராம்: "பின்கட்டு ரூம் வழியா ஒயர் போகுது. உள்ள ஒருத்தர் உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருந்தார். அவரே எந்திரிச்சு டார்ச் புடிச்சார்." ஊசிக்குப் போகிற நாளில் அந்த அம்மா இப்போதும் வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாள் கூலி அவருக்கு யாரும் தருவதில்லை.